மாமாவுக்கு வைத்த இரண்டாவது பத்திரிகை

இதை ஊர் சுற்றிப் பார்க்கப் போன பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். 1995, ஆவணி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதக் கடைசியில் என் தங்கைக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்து நான்கு நாள் ஆகியும் ஒரு வீட்டுக்குக்கூடக் கொடுக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் குலதெய்வத்துக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். அவர் கையில் வாங்கினால்தான் அடுத்த வீட்டு வாசலை மிதிக்கலாம். எங்கள் தாய்மாமனோ எங்களோடு பேச்சை நிறுத்தி ஆறு வருடம் ஆகியிருந்தது.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிங்காநல்லூரில் வீடு கட்டிக் குடிபோனபோது அப்பா மாமாவுக்குப் பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டார். மில்லில் லீவு கிடைக்கவில்லை, நேரில் போக முடியவில்லை, அவ்வளவுதான். "தபால்காரனா எனக்குச் சொந்தக்காரன்?" என்று மாமா யாரிடமோ கேட்டது சுற்றி வளைத்து எங்கள் காதுக்கு வந்து சேர்ந்தது. அவர் வரவும் இல்லை, அதன் பிறகு பேசவும் இல்லை. இந்த முறை அப்பா நேரில் போய் நிற்கத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் பாத்ரூமில் வழுக்கி விழுந்து முழங்கால்வரை மாவுக்கட்டு. மாமா வராவிட்டால் மணவறையில் தங்கைக்கு மாமன் சீர் செய்ய ஆளில்லை. அம்மா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மாமாவின் தோட்டம் கிணத்துக்கடவுக்குக் கிழக்கே ஒன்பது கிலோமீட்டர். அந்தப் பக்கம் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. காலை பஸ்ஸில் போய் மாமா முகம் கொடுக்காவிட்டால் சாயங்காலம்வரை எங்கே போய் உட்காருவது? அதனால் அப்பாவின் பைக்கிலேயே போவதாக முடிவானது. அம்மா என் பின்னால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வந்தது அன்றைக்குத்தான்.

வீட்டிலிருந்து 7.40க்குக் கிளம்பினோம். கிணத்துக்கடவுவரை மீட்டரில் 29 கிலோமீட்டர். அறுபது ரூபாய்க்குப் பெட்ரோல், அதில் கலக்க அதற்கேற்ற ஆயில். தட்டு, வெற்றிலை பாக்கு, குங்குமம், ஐந்து பத்திரிகைகள் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் அம்மாவின் மடியில். வாழைப்பழச் சீப்பு நசுங்காமல் இருக்க வேண்டுமென்று வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் வைத்திருந்தார். பெட்டியில் இருந்த டூல்ஸ் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

உக்கடம் தாண்டி ஈச்சனாரியில் 8.25. பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றிவிட்டு அம்மா கண்ணை மூடி நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர் இருமிக் காட்டிய பிறகுதான் நகர்ந்தார். ஒத்தக்கால்மண்டபத்தில் ஆளுக்கு ஒரு டீ. அம்மா பாதி குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டார்.

இந்த ரோட்டில் போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஆனி, ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடாது. தெற்கே போகும்போது வலது பக்கத்திலிருந்து அறையும். வண்டியை வலப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் நேராகப் போகும். லாரி ஒன்று காற்றை மறைத்துக் கடக்கும்போது திடீரென்று அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். அம்மா ஒரு கையால் பையையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்திருந்தார். தோளில் நகம் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

கிணத்துக்கடவில் 9.20. பூ வாங்கிக்கொண்டு கிழக்கே திரும்பினோம். தார் ரோடு நாலு கிலோமீட்டரில் முடிந்து மண் தடம் ஆரம்பித்தது. ஆரம்பித்த இடத்திலேயே வண்டி பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் பின் சக்கரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கருவேல முள். பெட்டியைத் திறந்தால் வாழைப்பழம்.

"அம்மா, இதுக்குள்ள ஸ்பேனர் எல்லாம் இருந்துச்சுங்களே?"

"அதெல்லாம் எண்ணெப் பிசுக்கா இருந்துது கண்ணு. பழத்துல ஒட்டிக்கும்னு எடுத்து ஊட்டுலயே வெச்சுப்போட்டேன்."

கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டுக்கு எமகண்டம் பிறந்துவிடும். அதற்கு முன் தட்டைக் கொடுத்தாக வேண்டும் என்று அம்மா வீட்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். மணி பத்துக்கு மேல். பஞ்சர் கடை கிணத்துக்கடவில்தான்.

வண்டியை உருட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போயிருப்போம். எதிரே சைக்கிளில் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், தோளில் துண்டு, கைகள் இரண்டும் தேங்காய் நார்க் கறை.

"ஏனுங்க, பஞ்சருங்களா?" என்று இறங்கினார். டயரை அமுக்கிப் பார்த்தார். "கெணத்துக்கடவுக்கு உருட்டுனீங்கன்னா பொழுது போயிருமுங்க. பக்கத்துத் தோட்டத்துலதான் காய் உரிச்சுட்டு இருக்கறேன். அங்க மோட்டார் ரூம்புல ஸ்பேனர் இருக்குது. வாங்க பாத்துக்கலாம்."

அவர் பெயர் வேலுச்சாமி. தோட்டம் தோட்டமாகப் போய்த் தேங்காய் உரிக்கிறவர். ஆயிரம் காய்க்கு இவ்வளவு என்று கூலி, எங்களோடு நிற்கிற நேரம் அவருக்குக் காய் கணக்கில் நஷ்டம். அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினார். அரைக் கிலோமீட்டர் மணலில் என்னைவிட அவர்தான் அதிகம் தள்ளினார்.

மோட்டார் ரூமிலிருந்து ஸ்பேனர் வந்தது. சக்கரத்தைக் கழற்றி, இரண்டு ஸ்பேனரின் வாலையே நெம்புகோலாக வைத்து டயரைப் பிரித்தார். சைக்கிளுக்கு ஒட்டுகிற சொல்யூஷனும் ரப்பர் துண்டும் அவர் பையிலேயே இருந்தன. முள்ளின் முனை டயருக்குள் ஒடிந்து கிடந்ததை விரலால் தடவிக் கண்டுபிடித்து எடுத்தார். நான் ஒட்டியிருந்தால் அதைப் பார்க்காமலே மாட்டியிருப்பேன், அடுத்த பர்லாங்கில் மறுபடி இறங்கியிருப்போம். காற்றுக்கு, டயர் மாட்டுவண்டிக்கு அடிக்கிற பம்பு இருந்தது. அடித்து முடிக்கும்போது மணி 11.15. நடுவில் எங்களுக்கு இளநீர் வேறு வெட்டிக் கொடுத்திருந்தார்.

இருபது ரூபாயை நீட்டினேன்.

"அட வெச்சுக்கங்க. நல்ல காரியத்துக்குப் போறீங்கன்னு பையப் பாத்தாலே தெரியுதுங்க. போய்ட்டு வாங்க."

அம்மா எழுந்தார். பையைப் பிரித்துத் தட்டை எடுத்தார். வெற்றிலை பாக்கு, பழம், நடுவில் பத்திரிகை. எங்கள் வீடுகளில் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பத்திரிகையைக் கையில்தான் கொடுப்பார்கள், தட்டில் வைத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அம்மா தட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"தம்பி, என்ற மவளுக்குக் கல்யாணமுங்க. ஊட்டோட வந்து நின்னு நடத்திக் குடுக்கோணும்."

வேலுச்சாமி தன் கைகளைப் பார்த்தார். "இருங்கம்மா" என்று தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டார். தட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

வண்டியில் ஏறி ஒரு கிலோமீட்டர் போயிருக்க மாட்டோம். என் தோளில் இருந்த கை இறுகியது.

"சாமி, வண்டிய நிறுத்து."

"ஏம்மா? மறுபடியும் காத்துப் போச்சுங்களா?"

"மொதப் பத்திரிக்கைய அவருக்கு வெச்சுப்போட்டேனே! அண்ணனுக்கில்ல மொதல்ல வெக்கோணும்!"

வண்டியை நிறுத்தினேன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தபாலில் வந்ததற்கே ஆறு வருடம் பேசாதவர்.

"யாருக்கும்மா தெரியப் போவுது? நீங்களும் நானும் சொல்லாட்டி முடிஞ்சுதுங்க" என்றேன்.

மறுபடி வண்டியை எடுத்தேன். மீதி தூரம் முழுக்க அம்மா என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. காற்றின் இரைச்சலில் அழுதாரா என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பயமாக இருந்தது.

மாமாவின் தோட்டத்துக்குள் நுழைந்தபோது மணி 11.45. மாமா மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த சோளத்தட்டைக் கீழே போட்டார். "வா அம்மணி" என்றார் அம்மாவைப் பார்த்து. "வாங்க மாப்ள" என்றார் என்னைப் பார்த்து. எங்கள் ஊரில் பகையாளி வந்தாலும் வாங்க என்றுதான் சொல்வார்கள், அதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. அத்தை தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். மாமா எங்கள் வண்டியைப் பார்த்தார்.

"வண்டியெல்லாம் மண்ணா கெடக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். முள் குத்தியது, வேலுச்சாமி வந்தது, ஒட்டிக் கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "மனசு நெறஞ்சு போச்சுங்கண்ணா. யோசிக்காம மொதப் பத்திரிக்கைய அவருக்கு வெச்சுப்போட்டேன். உங்களுக்கு இது ரெண்டாவது. உங்ககிட்டப் பொய் சொல்லி வெக்க எனக்கு மனசு வரலீங்க" என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமா கையை நீட்டவில்லை.

"ஆரு, காய் உரிக்கிற வேலுச்சாமியா?"

"ஆமாங்கண்ணா."

"அவன் எப்புடி வாங்குனான்?"

"கையக் கழுவிட்டு வந்து வாங்குனாருங்க."

மாமா திரும்பி நடந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் நேராகத் தொட்டிக்குப் போனார். கையைக் கழுவினார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். திரும்பி வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"குடு அம்மணி. பன்னண்டு ஆவப்போவுது."

அம்மா அழுதுவிட்டார். நானும்தான். எமகண்டத்துக்கு ஏழு நிமிடம் இருந்தது. மாமா மட்டும் பத்திரிகையை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படித்தார். "மச்சானுக்குக் கால் எப்புடி இருக்குது?" என்று கேட்டார். அப்பா விழுந்ததை யாரிடமோ கேள்விப்பட்டிருக்கிறார். ஆறு வருடத்தில் அப்பாவைப் பற்றி அவர் கேட்ட முதல் வார்த்தை அது. மதியம் கோழிக் குழம்பு. அம்மா அன்றைக்கு இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது காற்று இடது பக்கம். ஒட்டு தாங்கியது. சாயங்காலம் 5.30க்கு வீடு. போகவர மொத்தம் 76 கிலோமீட்டர்.

கல்யாணத்துக்கு முதல் நாளே மாமா வந்துவிட்டார். கூடவே சலவை வேட்டி சட்டையில் வேலுச்சாமியும் அவர் மனைவியும். மறுநாள் முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி. மாமன் சீர் செய்தவரை முதல் இலையில் உட்காரச் சொல்லிப் பெரியவர்கள் கூப்பிட்டார்கள். மாமா வேலுச்சாமியின் கையைப் பிடித்து இழுத்து வந்து அந்த இலையில் உட்கார வைத்தார்.

"மொதப் பத்திரிக்கை வாங்குனவரு இவரு. மொத எலையும் இவருக்குத்தானுங்க. நான் ரெண்டாவது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். நாற்காலியில் மாவுக்கட்டுக் காலை நீட்டியிருந்த அப்பா, "அங்க மொத எலைக்குப் பருப்பு வெய்யுங்கப்பா" என்று சத்தம் போட்டார்.

அந்த ரோடு இப்போது அகலமாகிவிட்டது. மண் தடம் தாராகிவிட்டது. காற்று மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ இடத்துக்கு வண்டியில் போயிருக்கிறேன், எத்தனையோ பேர் உதவியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீர்த் தொட்டி நினைவுக்கு வருகிறது. அந்த ஒரு முள்ளுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அது குத்தியிராவிட்டால் மாமாவிடம் மறைக்காமல் சொல்ல அம்மாவுக்கு அந்த உண்மை இருந்திருக்காது, அவர் என்ன செய்திருப்பாரோ தெரியாது.

போகிறவர்களுக்கு: காலை எட்டுக்குள் ஈச்சனாரியைத் தாண்டிவிடுங்கள், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். லாரியைக் கடக்கும்போது இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும். வேலி ஓரமாக வண்டியை ஓட்டாதீர்கள், கருவேல முள் அங்கேதான் கிடக்கும். டூல்ஸ் பெட்டியில் வேறு எதையும் வைக்க விடாதீர்கள், அது அம்மாவாகவே இருந்தாலும். பத்திரிகை வைக்கப் போகிறீர்கள் என்றால் பெயர் எழுதாத பத்திரிகை ஒன்றைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அது யாருக்கு என்று வழியில் தெரியும்.