மேடம் பேச்சை நிறுத்தினால்

ஸ்கேன் சென்டர் கவுண்டரில் உட்காருகிறவளுக்கு முகம் சொந்தமில்லை. கவரைப் பிரிக்குமுன் எல்லாரும் அதைத்தான் படிப்பார்கள். இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சிரிப்பு

மும்பை செம்பூரில் எங்கள் சென்டருக்குத் தாராவியிலிருந்து தோல் பை வியாபாரி ஒருவர் வந்தார். ஆறுதலாக இருக்கட்டுமே என்று சிரித்துக்கொண்டே ரிப்போர்ட்டை நீட்டினேன். மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“என்னக்கா சிரிக்கிய? அவ்வளவு பெருசாவா இருக்கு?”

ரசம்

உண்மையில் கவனிக்கவேண்டியது என் முகத்தை அல்ல, டாக்டர் மேடத்தின் வாயை. மாட்டுங்காக்காரர், ஸ்கேன் செய்யும்போது ஊர்க்கதை ஓயாது. பேச்சு ஓடினால் ஒன்றுமில்லை. நின்றால் ஏதோ இருக்கிறது. இது ஸ்டாஃப் எங்களுக்கு மட்டும் தெரியும்.

புது மெஷின் வந்தால் ஸ்டாஃபின் கழுத்தில்தான் வெள்ளோட்டம். அன்று நான் படுத்தேன். மேடம் தன் மருமகள் வைத்த ரசத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். “புளியே போடாம...” என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். கருவி கழுத்தின் இடப்பக்கத்தை விட்டு நகரவில்லை. நான் மேடத்தின் வாயையே பார்த்தேன். மெஷின் கம்பெனி இன்ஜினியருக்கோ ஒரே சந்தோஷம்.

“மேடம், கட்டி எவ்ளோ கிளியரா தெரியுது பாருங்க!”

ஊசி

கழுத்தில் ஊசி போட்டு எடுத்த சாம்பிள் காட்கோபர் லேபுக்குப் போனது. ரிசல்ட் வரும்வரை சோறு இறங்கவில்லை. பத்தாவது படிக்கும் மகளுக்குத் தலை பின்னும்போதெல்லாம் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினேன். லேபில் கவுண்டர் பெண் கவரை நீட்டிச் சிரித்தாள். ஏம்மா சிரிக்கிறாய் என்று கேட்டேவிட்டேன்.

“எல்லாருக்கும் இப்படித்தான் சிரிப்பேன்க்கா. வேலையாச்சே!”

நல்ல கேன்சர்

தைராய்டு கேன்சர்தான். சர்ஜன் பதறவில்லை. மெதுவாக வளரும் வகை, சின்னதாக இருக்கும்போதே அகப்பட்டது, பாதிச் சுரப்பியை எடுத்தால் போதும், பெரும்பாலோர் நீண்ட நாள் நன்றாக இருக்கிறார்கள் என்றார். “இருப்பதிலேயே நல்ல கேன்சர்” என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். டெம்போ ஓட்டும் என் வீட்டுக்காரர் படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வெடித்தார்.

“நல்லதுன்னா அவரே வச்சுக்கிட வேண்டியதானே?”

மறுபடியும் அதே மெஷின்

ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்துச் செக்கப். மேடம் தழும்பின் மேல் ஜெல் தடவினார். கருவி ஊர்ந்தது. பேச்சில்லை. செத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். இடம், வலம், மறுபடி இடம். பிறகு ஒரு பெருமூச்சு கேட்டது.

“அன்னிக்கு ரசத்தைப் பாதியில விட்டுட்டேனே செல்வி, மிச்சத்தைக் கேளு!”

ஆறு மாதத்துக்கொரு முறை கழுத்தை நீட்டும் எனக்கு இப்போது ஒரே வேண்டுதல்தான்: அந்த மருமகள் மட்டும் சமையல் கற்றுக்கொண்டுவிடக் கூடாது.