ஜீவராணியின் கூடையில் யாருடைய கொழுந்து

ஜீவராணிக்கு வந்த நோய்க்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை.

முதலில் விரல்கள் மரத்தன. தேயிலைக் கொழுந்து பறிப்பவளுக்குக் கண் பாதி, விரல் பாதி. இளந்தண்டு ஒடிவதும் முற்றிய இலை இழுபடுவதும் விரலுக்குத்தான் தெரியும். அவளுடைய விரல்களுக்கு அது தெரியாமல் போனது. பிறகு கால்கள். அட்டை கடித்துக் கணுக்காலில் இரத்தம் வழிவதைப் பக்கத்து நிரையில் பறிப்பவள் சொன்ன பிறகுதான் குனிந்து பார்ப்பாள். ஒருநாள் அடுப்பிலிருந்து ரொட்டித் தகட்டை வெறுங்கையால் தூக்கினாள். தோல் கருகும் வாடை வந்த பிறகே கையைப் பார்த்தாள்.

நுவரெலியாவில் ஒரு டாக்டர் நரம்பு என்றார். கண்டியில் இன்னொருவர், சர்க்கரை இல்லை, தொழுநோய் இல்லை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ஒரு பரிசோதனைக்குக் கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார். அதற்குக் குறித்த நாள் தள்ளிக்கொண்டே போனது.

“இல்லாததெல்லாம் சொல்லிட்டாங்க. இருக்கிறதச் சொல்லத்தான் ஆளில்ல” என்பாள்.

மழை நாளொன்றில் கூடையோடு சரிவில் உருண்டு விழுந்ததோடு அவளுடைய மலை வேலை நின்றது. அங்கவீனர் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தாள். நோயின் பெயரை டாக்டர் எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்தது.

கினிகத்தேனையில் கடையொன்றில் மூட்டை தூக்கும் அவள் கணவன் அழகுமுத்து, லீவில் வந்தபோது ஒரு வழி சொன்னான்.

“வாதம்னு எழுதிக் குடுக்க டவுன்ல ஆளு இருக்கு. ஒரே நாள்ல முடிஞ்சிரும்.”

“நாளைக்கு நெசப் பேரு வந்துச்சுன்னா? ரெண்டு வருத்தத்தையும் நானா சொமக்கிறது?”

“வராத பேருக்கு இப்பயே சண்டை போடுறியா?”

“எனக்கு என்னா செய்யுதோ அதச் சொல்லித்தான் வாங்குவேன். இல்லாட்டி வேணாம்.”

அவள் மறுபடியும் விண்ணப்பித்தாள். இம்முறை ஜிப்ரியா என்ற சமூக சேவை உத்தியோகத்தர் அவளுடைய லயத்து வீட்டுக்கே வந்தார். கொத்மலைப் பக்கத்துப் பெண். ஜீவராணியின் கையிலிருந்த தீக்காயத் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“வருத்தத்துக்குப் பேரு இல்லாட்டியும் பரவால்ல. என்ன வேல செய்ய ஏலாது, எப்ப இருந்து ஏலாது, இதக் கண்ணால பாத்தவங்க சொன்னா நான் எழுதுவேன். அத வெச்சு டாக்டர் பாப்பாரு.”

கண்ணால் பார்த்தவர் என்று முதலில் அழைக்கப்பட்டவர் கணக்கப்பிள்ளை முத்துலிங்கம். மலையில் வேலை வாங்குவதும் கொழுந்து நிறுப்பதும் அவர் பொறுப்பு.

“விழுந்த நாள் வரைக்கும் இவங்களுக்கு முழுப்பேருதான் மிஸ், முழுநாள் சம்பளம். கிலோ ஒரு நாளும் கொறஞ்சதில்ல. கை வெளங்காதவங்க எப்பிடி முழு நிறை பறிப்பாங்க?”

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ட தராசு அப்படித்தான் காட்டியது.

ஜிப்ரியா ஜீவராணியைத் திரும்பிப் பார்த்தார். “அப்பிடியா?”

“ஆமாங்க” என்றாள் ஜீவராணி. அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

திறந்தால் மூன்று பேருக்கு வேலை போகும். அவள் விரல்கள் மரத்த நாளிலிருந்து அவளுடைய கூடை தானாகவே கனத்தது. இடப்பக்க நிரையில் வேலாயி, வலப்பக்கம் பூரணி, பின்னால் நாகலெட்சுமி. நடக்கிற போக்கில் ஆளுக்கு ஒரு பிடி அவள் கூடையில் விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். முதன்முதல் கண்டுபிடித்தபோது ஜீவராணி கோபத்தோடு அள்ளித் திருப்பிப் போட்டாள். “என் கொழுந்துக்கு என் கூடை பிடிக்கலியாம், ஒன் கூடைக்குப் போவுது. நான் என்னா செய்ய?” என்றாள் வேலாயி. ஒருத்தி பறித்ததை இன்னொருத்தி பேரில் நிறுப்பது தோட்டத்தில் குற்றம். பிடிபட்டால் பேர் வெட்டுவார்கள்.

அவளைக் காப்பாற்றிய அந்தக் கொழுந்துதான் இப்போது அவளுக்கு நோயே இல்லை என்று சாட்சி சொன்னது.

அன்று மாலை தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வேலாயி குடத்தை வைத்துவிட்டு அவளை மறித்தாள்.

“ஏண்டி ஆமான்ன?”

“வேற என்னா சொல்லச் சொல்றீங்க? ஒங்க மூணு பேரையும் காட்டிக் குடுக்கவா?”

“ஊரு பூரா ஒன்னைய கள்ள வருத்தக்காரின்னு பேசுது.”

“பேசட்டும். ஒங்களுக்கு வீட்ல ஒல வைக்கணும்.”

“என் ஒலயப் பத்தி நீ கவலப்படாத. ஒன் ஒலைக்கு மொதல்ல அரிசி தேடு.”

“நீங்க வாயத் தொறந்தீங்கன்னா, அது பொய்யின்னு நானே சொல்லுவேன்க்கா. சத்தியமா சொல்லுவேன்.”

வேலாயி குடத்தைத் தூக்கினாள். “சொல்லிப் பாரு” என்றாள்.

அடுத்த வாரம் ஜிப்ரியா மறுபடியும் வந்தார். வேலாயி அவரைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே அழைத்து வந்துவிட்டாள். பகல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. செய்தி கேட்டு ஜீவராணியும் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள்.

“மிஸ், ஜீவராணிக்கு கிலோ கொறையலன்னு ஐயா சொன்னாரில்ல” என்றாள் வேலாயி. “அது அவ பறிச்சதில்ல. நான் போட்டது.”

“நானும் போட்டேன்” என்றாள் பூரணி.

“இவுங்க ரெண்டு பேரும் போட்டதவிட நான் போட்டது கூட” என்றாள் நாகலெட்சுமி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

முத்துலிங்கத்தின் கை தராசில் நின்றுவிட்டது. “பேர் வெட்டுனா அப்பறம் வந்து அழக் கூடாது.”

“வெட்டுங்க ஐயா. மிஸ் எழுதி முடிக்கட்டும், அப்பறமா வெட்டுங்க” என்றாள் வேலாயி.

“பொய்யி மிஸ்” என்றாள் ஜீவராணி. “எல்லாம் நாந்தான் பறிச்சேன்.”

வேலாயி தன் கூடையிலிருந்து ஒரு இளந்தளிரையும், குப்பையில் கழித்துப் போட்ட முற்றிய இலை ஒன்றையும் எடுத்து அவள் எதிரே போய் நின்றாள்.

“கண்ண மூடு. கையில வைக்கிறேன். எது கொழுந்து, எது முத்தல்? நேத்து பேர் பதிஞ்ச புள்ளகூட சொல்லிரும்.”

ஜீவராணி கண்களை மூடினாள். இரண்டு இலைகளையும் உருட்டினாள், நசுக்கினாள். தளிர் கூழாகி விரலிடுக்கில் ஒட்டியது. அவளுக்கு அதுவும் தெரியவில்லை. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“தெரியலக்கா.”

“ஏசுறதா இருந்தா வீட்ல வந்து ஏசு” என்று அவள் கையைத் தன் முந்தானையால் துடைத்தாள் வேலாயி.

ஜிப்ரியா எழுதத் தொடங்கினார். “எப்ப இருந்து இப்பிடி?”

“செடியக் கவ்வாத்து வெட்டுன ஏழாம் மலையில மொதக் கொழுந்து எடுத்தோமே, அப்ப இருந்து” என்றாள் வேலாயி.

“அது எந்த மாசம்?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முத்துலிங்கத்துக்குத் தெரியும். எந்த மலையில் எப்போது கவ்வாத்து, எப்போது முதல் கொழுந்து என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கேட்ட கணக்குக்கு விடை சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

“போன வருஷம் வைகாசி, மொத வாரம்” என்றார். சொன்ன பிறகு தராசின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் அவர் பேர் வாசித்தபோது வேலாயி, பூரணி, நாகலெட்சுமி மூன்று பேரும் விடுபட்டார்கள். மற்றவர்கள் மலைக்குப் போகவேண்டும். ஒருத்தியும் நகரவில்லை. தலையில் கயிற்றோடும் முதுகில் கூடையோடும் அப்படியே நின்றார்கள். மழை விட்ட வாரம் அது. கொழுந்து பொங்கி நின்றது. ஒரு நாள் தவறினால் முற்றிப் போகும் என்பது அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“மிச்சப் பேரையும் வாசிச்சிருங்க ஐயா” என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். “நேரமாவுது.”

“எல்லாரும் கூட்டுக் களவாணிங்க” என்றார் முத்துலிங்கம்.

“ஆமாங்க ஐயா. எல்லார் பேரையும் எழுதிக்கிங்க.”

வெயில் பெரட்டுக்களத்தின் பாதிக்கு வரும்வரை அவரும் நின்று பார்த்தார். பிறகு மூன்று பெயர்களையும் வாசித்தார்.

ஜிப்ரியா எழுதியதை வாசித்த டாக்டர், ஜீவராணியின் இரு கைகளையும் ஊசிமுனையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். நோயின் பெயர் என்ற இடத்தில் ‘இன்னும் அறியப்படவில்லை’ என்று மட்டும் எழுதினார்.

முதல் கொடுப்பனவை வாங்க ராகலைத் தபால் கந்தோருக்கு ஜீவராணி தனியாகவே பஸ் ஏறிப் போனாள். பேனா பிடிக்க முடியாததால் கைநாட்டு வைத்தாள். காசு கொடுப்பவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“பாத்தா நல்லாத்தானே இருக்கீங்க. என்ன வருத்தம்?”

“பேரு இன்னும் வரலீங்க” என்றாள் ஜீவராணி. “வந்தா ஒங்களுக்கும் வந்து சொல்றேன். இப்ப காசக் குடுங்க, பஸ்ஸு போயிரும்.”