சிவப்புத் தரைக்கு ஒரு சிவப்புக் கம்பளம்

சந்தேகப்படுவதற்காகவே எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் உதிரிப் பாகங்களைப் பார்த்து இது ஆகும், இது ஆகாது என்று பிரிப்பது என் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. ஓய்வு பெற்றும் அந்தக் கண் ஓயவில்லை. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டி, கடைக்காரர் முறைக்கும்வரை திருப்பித் தரமாட்டேன். "பூசைல சாமியார் கையால நன்மை அப்பம் வாங்கறப்பகூட திருப்பிப் பாப்பீங்க போல டாடி" என்று என் மகள் கேலி செய்வாள்.

அப்படிப்பட்டவனிடம் ஒருநாள் காபி குடிக்கும்போது அவள் சொன்னாள்: "டாடி, ஹாலுக்கு ஒரு ரக் வாங்கலாம்னு இருக்கேன். கையால நெய்ஞ்ச கம்பளம். செவப்புல."

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுத் தரை சிவப்பு சிமெண்ட். மனைவி போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனாலும் அந்தத் தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்றுதான் இருக்கும். வாசற்கதவு உரசி உரசி அரைவட்டமாக வெளுத்துப்போன ஓர் இடத்தைத் தவிர. மழைக்காலத்தில் கதவு ஊதிக்கொள்ளும். தோளால் ஓர் இடி இடித்தால்தான் திறக்கும். அவள் பள்ளிக்கூடப் பையோடு இடித்திருக்கிறாள், இப்போது ஆபீஸ் பையோடு இடிக்கிறாள்.

"செவப்புத் தரை மேல செவப்பு ரக்கா? போட்டா இருக்கறதே தெரியாதே."

"அது ஒரு ஸ்டைல் டாடி."

பதில் சட்டென்று வந்தது. சட்டென்று வரும் பதில்களை நான் நம்புவதில்லை. சப்ளையர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

அதன்பிறகு அவள் போனில் படம் படமாகக் காட்டினாள். எல்லாவற்றிலும் ஒரு பெரிய சோபா, அதன் கீழே சிவப்புக் கம்பளம். சோபாவின் முன்கால் இரண்டும் கம்பளத்தின்மேல் நிற்க வேண்டுமாம், பின்கால்கள் வெளியே இருக்கலாமாம். சின்னதாக வாங்கி நடுவில் போட்டால் கைக்குட்டை விழுந்து கிடக்கிற மாதிரி இருக்குமாம். சுவரும் திரையும் வெளிர் நிறத்தில் இருந்தால்தான் சிவப்பு எடுப்பாகத் தெரியுமாம். நான் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் சோபாவே கிடையாது. சுவரோடு ஒட்டி ஒரு திவானும் இரண்டு பிரம்பு நாற்காலிகளும்தான்.

"எந்த சோபாவோட கால்?"

"அப்புறம் வாங்கலாம் டாடி. மொதல்ல ரக்."

சிவப்புக் கம்பளம், புது சோபா. வீட்டுக்கு யாரோ வரப்போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். எங்கள் மாதா கோயிலில் நடுப்பாதையில் சிவப்புக் கம்பளம் விரிப்பது கல்யாணத்துக்குத்தான். நான் கொண்டுவந்த வரன்களையெல்லாம் படம்கூடப் பார்க்காமல் தட்டிக்கழித்தவள் இவள். ஆக, தானே ஒருவனைப் பார்த்துவிட்டாள். அவன் வீட்டார் வந்து உட்காருவதற்குள் ஹாலை அலங்கரிக்கப் பார்க்கிறாள். அந்த ஞாயிறு பூசையில் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. பாடகர் குழுவில் கிதார் வாசிக்கும் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒருமுறை எங்கள் வரிசைப் பக்கம் திரும்பிச் சிரித்தான். அவன் சிரித்தது முன் பெஞ்சில் இருந்த தன் அம்மாவைப் பார்த்து என்று பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பூசை முடிந்து அப்படியே சிவாஜிநகர் பக்கம் கம்பளக் கடைக்குப் போனோம். கிளம்பும்போது நான் டேப்பை எடுத்து, ஹாலை அளக்கலாமா என்று கேட்டிருந்தேன். "அளந்துட்டேன் டாடி" என்றாள். அவள் குனிந்து எதையும் அளந்ததை நான் பார்க்கவில்லை. அதுவரை டேப்பும் என் மேசை இழுப்பறையை விட்டு வெளியே வந்ததில்லை. இருந்தாலும் டேப்பை உள்ளே வைத்துவிட்டு அவளோடு கிளம்பினேன்.

கடைக்காரர் சுருள் சுருளாக விரித்தார். செங்கல் சிவப்பு, மாதுளைச் சிவப்பு, கண்ணைக் குத்துகிற ஒரு சிவப்பு. "பூரா ஹாத் கா காம் சார், கை வேலை" என்றார். நான் முதல் கம்பளத்தைப் புரட்டினேன். கையால் போட்ட முடிச்சு என்றால் பின்பக்கம் வரிசைகள் கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும்; இதுவோ ரூலர் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. ஓரத்துக் குஞ்சத்தை இழுத்தேன். கம்பளத்தில் நெடுக்காக ஓடும் பாவு நூலே நீண்டு குஞ்சமாக வந்திருக்க வேண்டும். இதில் தனியாக வாங்கித் தைத்திருந்தார்கள்.

"இது மெஷின்."

"சாருக்கு போலீஸ் வேலையா?" என்று கடைக்காரர் அவளிடம் கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே உள்ளே போய் இன்னொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "ஸ்வல்ப, கொஞ்சம் இதைப் பாருங்க சார்."

மாதுளைச் சிவப்பு, ஓரத்தில் கருநீலக் கரை. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் பழுத்த நிறம், சுற்றிவந்து அந்தப் பக்கம் நின்றால் வெளிறிய நிறம். ரோமம் ஒரே திசையில் சாய்ந்திருப்பதால் அப்படி. உள்ளே நுழைகிறவர் கண்ணுக்கு எந்த நிறம் தெரிய வேண்டுமோ அதற்குத் தகுந்தாற்போல் திருப்பிப் போட வேண்டும் என்றார் கடைக்காரர். பின்பக்கம் பார்த்தேன். முடிச்சுகள் தளர்ந்தும் இறுகியும் ஓடின. குஞ்சம் கம்பளத்தின் சொந்தக் குஞ்சம். குறை சொல்ல எதுவும் கிடைக்காதது எனக்கு எரிச்சலாக இருந்தது. மகள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். வாங்கியாகிவிட்டது என்று தெரிந்தது.

கட்டைவிரலை ரோமத்தில் அழுத்தினேன். நகம் முழுக்க உள்ளே போனது. "இவ்ளோ தடியா இருக்கே. கதவு?"

அவள் கரையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "எந்தக் கதவு டாடி?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். காலமெல்லாம் தோளால் இடித்துத் திறந்த கதவு. அன்று காலைகூட இடித்தாள். இவள் நிற்கிற கம்பளத்தை எங்கள் ஹாலில் விரித்தால் அந்தக் கதவு ஒரு சாண்கூடத் திறக்காது. அது அவள் நினைப்பிலேயே இல்லை. இந்தக் கம்பளம் எங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. யாரும் வந்து அதன்மேல் உட்காரப்போவதும் இல்லை. 

"எந்த வீட்டுக்குமா?" என்றேன்.

கையை எடுத்துவிட்டாள். கடைக்காரர் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அவர் நல்லவர், போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"ஹெப்பகோடில ஒரு ஃப்ளாட் டாடி. ஆபீஸ் பக்கம். ஓசூர் ரோடு டிராஃபிக்ல தெனமும் என்னால முடியல. தனியாதான் இருக்கப்போறேன், வேற ஒண்ணும் இல்ல. சொல்லணும்னுதான்..." நிறுத்தினாள். பிறகு, "அங்க வெள்ளை டைல்ஸ். வெறுங்கால்ல நடந்தா ஆஸ்பத்திரில நடக்கற மாதிரி இருக்கு. அதான் செவப்பு."

அதே ரோட்டில் பொம்மசந்திராவுக்குக் கம்பெனி பஸ்ஸில் தூங்கி விழுந்து போய்வந்தவன் நான். அவள் சொல்வதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கிதார்க்காரத் தம்பியே மாப்பிள்ளையாக வந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

ஒரு சோதனை பாக்கியிருந்தது. கைக்குட்டையை அவள் தண்ணீர் பாட்டிலில் நனைத்து, கம்பளத்தின் சிவப்பு அதிகமாக இருந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தேன். மட்டமான சாயமாக இருந்தால் துணியில் ஒட்டிவிடும். வெள்ளைத் தரையில் ஒருநாள் தண்ணீர் கொட்டினால் போதும், கறை போகவே போகாது. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயம் போகிறது, வேண்டாம் என்று நான் சொன்னால் நம்பிவிடுவாள். இந்தக் கம்பளமும் போகும். இது போனால் இன்னொன்று தேட இன்னும் பல ஞாயிறுகள் ஆகும். அதற்குள் மனசு மாறினாலும் மாறும். கைக்குட்டையை உள்ளங்கைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். வேலையில் இருந்த காலத்தில் கெட்டதை ஆகும் என்று விட்டிருப்பேனோ என்று தூக்கம் கெட்டதுண்டு. நல்லதை ஆகாது என்று மட்டும் ஒருநாளும் ஒதுக்கியதில்லை.

கையை விரித்தேன். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"சாயம் போகாது" என்றேன். "அந்த வீட்டுக் கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

"உள்பக்கம்தான் டாடி."

"அப்ப வாசல்கிட்ட போடாத. நல்லா உள்ள தள்ளிப் போடு. நான் வரப்ப கதவு முட்டக் கூடாது."