குடிக்கிற தண்ணீர், ஊற்றுகிற தண்ணீர்

சிறுநீரகத்தில் கல் என்று டாக்டர் சொன்னார். வடக்கத்திக்காரர், சின்ன வயசு. இந்தியில்தான் பேசினார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். காலையில் ஒரு தம்ளர், ராத்திரி ஒரு தம்ளர் என்றேன்.

"தீதி, நீங்க என்ன ஒட்டகமா?" என்றார். நர்ஸ் சிரித்தாள். மூன்று லிட்டராவது குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிட்னி போய்விடும் என்றார். மாத்திரையை இலவசமாகக் கொடுத்தார்கள். தண்ணீரை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தீவின் பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். சேலைப் பக்கம் நானும் இன்னொருத்தியும். அவள் சௌல்தாரியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். காலையில் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே. கடையில் ஏசி உண்டு. கேமரா உண்டு. சேலை கட்டிய பொம்மைகள் உண்டு. கக்கூஸ் இல்லை. ஆண்கள் பின்னால் இருக்கிற சந்துக்குப் போவார்கள். பொம்மைகளுக்குத் தேவைப்படாது. நாங்கள் ஹட்பே போவோம்.

ஹட்பே வேறு தீவில் இருக்கிறது. கப்பலில் போக வேண்டும். கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில், பயணிகள் உட்காரும் ஹாலில் கக்கூஸ் சுத்தமாக இருக்கும், தண்ணீரும் வரும். ஆனால் பயணிகளை மட்டும்தான் விடுவார்கள். அதற்காகக் கடையில் ஒரு பழைய டிராவல் பை வைத்திருந்தோம். உள்ளே சேலை மடிக்கிற அட்டை. யாருக்குத் தாங்கவில்லையோ அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். கேட்டில் தெலுங்குக்காரர் ஒருவர் நிற்பார். எங்கே என்று கேட்பார். ஹட்பே என்போம். விட்டுவிடுவார். பகலில் ஒரு தடவைக்கு மேல் போக முடியாது, முதலாளி தேடுவார். ஆகவே தண்ணீர் குடிக்க மாட்டோம். ஹட்பேயை நான் இதுவரை பார்த்ததில்லை.

வீட்டிலும் யோசித்துத்தான் குடிக்க வேண்டும். டெலானிபூர் சரிவில், கவர்மென்ட் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிறோம். குவார்ட்டர்ஸுக்கு வீட்டுக்கு வீடு குழாய். எங்கள் வரிசைக்குப் பட்டா இல்லை, அதனால் குழாயும் இல்லை. கீழே ரோட்டோரம் ஒரு பொதுக்குழாய். கோடையில் மூன்று நாளைக்கு ஒரு தடவை வரும். பிடித்து மேலே தூக்க வேண்டும். கணவருக்குக் கடலில் போட் வேலை, வீட்டில் இருப்பதே குறைவு. சொந்தச் செலவில் கக்கூஸ் கட்டினோம். அது ஒவ்வொரு தடவையும் ஒரு வாளி கேட்கும். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது. பெய்கிறதெல்லாம் நேராகக் கடலுக்குப் போகும்.

டாக்டர் சொன்னாரே என்று குடிக்க ஆரம்பித்தேன். ஒரே பகலில் இரண்டு தடவை பையோடு போனேன். தெலுங்குக்காரர், "க்யா தீதி, காலையில போன கப்பல் அதுக்குள்ள திரும்பிடுச்சா?" என்றார். சிரித்துக்கொண்டே விட்டார். அடுத்த வாரம் அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் பையைத் திறக்கச் சொன்னார். அட்டையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். டிக்கெட் கேட்டார். திரும்பி வந்தேன்.

குடிப்பதை நிறுத்தினேன். வலி வந்தது. கடையில் கஸ்டமருக்குப் பட்டுச் சேலை விரித்துக்கொண்டிருந்தபோது வந்தது. விரித்த சேலை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளி எழுந்து வந்தார். ராமநாதபுரத்துப் பாய். குடும்பம் கடைக்கு மாடியிலேயே இருக்கிறது.

"என்னம்மா ஆச்சு?"

"கல்லு, பாய். தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காங்க."

"குடிக்க வேண்டியதுதானே?"

"குடிச்சா போகணும்."

"போக வேண்டியதுதானே. இத்தன நாளா லேடீஸ் எங்கதான் போறீங்க?"

"ஹட்பே" என்றாள் சௌல்தாரிக்காரி.

பாய் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவள் பையை எடுத்து வைத்து விவரம் சொன்னாள்.

"யா அல்லா. இத யாரோ கஸ்டமர் மறந்து விட்டுட்டுப் போனதுன்னுல்ல பத்திரமா வச்சிருந்தேன்" என்றார்.

மாடியிலிருந்து அவர் வீட்டம்மா இறங்கி வந்தார். கனத்த உடம்பு, நேரான பேச்சு.

"மேல பாத்ரூம் இருக்கு. வாங்க, போங்க. தண்ணிதான் இல்ல. லாரித் தண்ணி வாங்கித்தான் எங்க காலமே ஓடுது. ஊத்துற தண்ணிய நீங்களே கொண்டாந்துருங்க."

நியாயம்தான். மறுநாளிலிருந்து எண்ணெய் கேனைக் கழுவி, அதில் தண்ணீர் எடுத்துப் போனேன். குடிக்க ஒரு பாட்டில், ஊற்ற ஒரு கேன். குடிக்கிறதைவிட ஊற்றுகிறதுதான் அதிகம். ஒரு கேன் மதியம் வரைக்கும் வந்தது. மதியத்துக்கு மேல் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சௌல்தாரிக்காரி வீட்டில் கிணறு உண்டு. கோடையிலும் கொஞ்சம் ஊறும். அவள் ஒன்றுக்கு மூன்றாகக் கேன் கொண்டுவர ஆரம்பித்தாள். பஸ்ஸில் கண்டக்டர், "கிணத்தையே பேத்து எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டாராம்.

"ஆமா, கடையில மீட்டர் கணக்குல கிழிச்சு விக்கிறோம். சட்டைக்கு எவ்வளவு வேணும் சொல்லு" என்றாளாம்.

எனக்காக எதற்கு இவ்வளவு சுமக்கிறாய் என்று கேட்டேன். "நீ ஆஸ்பத்திரில படுத்தா சேலைப் பக்கம் பூரா நான் ஒருத்தி மடிக்கணும்" என்றாள்.

அவள் கிணற்றுத் தண்ணீரில் மூன்று லிட்டர் ஆயிற்று. ஒரு மத்தியானம் மாடி பாத்ரூமில் கல் விழுந்தது. மிளகைவிடச் சின்னது. அதற்கா அவ்வளவு வலி என்று பார்த்தேன். தண்ணீர் ஊற்றினேன். போய்விட்டது.

கீழே இறங்க வந்தேன். வீட்டம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை இடுப்பில் இருந்தது. நகரவில்லை.

"உனக்கு எந்தப் பக்கம் வலிச்சுச்சு?" என்று கேட்டார்.

"வலது பக்கம்."

"எனக்கு இடது."

அவரே சொன்னார். "ஆம்பளைங்க தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யணும், விருந்தாளி வருவாங்க, பாத்திரம் கிடக்கு. எல்லாம் போக என்ன மிச்சம்? நான் குடிக்காட்டி ஒரு வாளி மிஞ்சும்."

பாத்ரூம் அவருடைய வீட்டில்தான் இருந்தது. இத்தனை நாளும் அவர் முகம் சுளித்திருந்ததைப் பார்த்து, என் மேல் கோபம் என்று நினைத்திருந்தேன்.

என் பாட்டிலில் பாதி இருந்தது. திறந்து கொடுத்தேன்.

"குடிங்கம்மா."

"குடிச்சா...?"

"கேன்ல இருக்கு. நான் ஊத்துறேன்."

பாட்டிலை வாங்கினார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார்.