பிளைவுட் ஓரத்துக்குத் தேயிலைத்தூள்

மாமா மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். ஆடித் திருவிழாவுக்காக நோர்வூட் பக்கம் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு லீவில் வந்தவனுக்குத் திரும்பிப் போக மனமில்லை. பிளைவுட்டில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி அடித்துக் கோயிலில் பாட்டுப் போட்டுக் காட்டினால், அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு என்று கூப்பிடுவார்கள். லயத்து வீட்டிலேயே இருந்து பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். கோயில் கமிட்டித் தலைவரோ, "மொதல்ல காட்டுங்க. பாக்க லெச்சணமா இல்லாட்டி ஹட்டன் சவுண்டு செட்டுக்காரன்கிட்டயே சொல்லிருவேன்" என்று சொல்லியிருந்தார்.

பெட்டிகள் நன்றாகவே வந்தன. ஓரங்கள்தான் தொல்லை. பிளைவுட்டை வெட்டிய இடத்தில் அடுக்கடுக்காகக் கோடுகள், நடுநடுவே பொந்துகள். போனில் ஆங்கில வீடியோக்களைப் பார்த்து அவனுக்குத் தமிழில் சொல்வது என் பங்கு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான்; இப்படிப்பட்ட வேலைகள் என்னிடம் வந்துவிடும். மரத்தூளைப் பசையில் குழைத்துப் பூசச் சொன்னார் ஒருவர். பூசினோம். காய்ந்ததும் ஓரம் தேமல் விழுந்ததுபோல் வெளிறி நின்றது.

"நெறம்தானே மச்சான் வேணும்? தேயிலத்தூளப் போடுவோம்" என்றான் அவன்.

"வீடியோல யாரும் அப்படிச் சொல்லல."

"அந்த வீடியோக்காரனுக்கு நம்மள மாதிரி தோட்டத்துல தூள் குடுக்குறாங்களா?"

அவன் அம்மா, அதாவது என் அத்தை, வாசலில் நின்று பார்த்தார். "குடிக்கிற தூள அள்ளிக் கட்டைக்குப் பூசுறீங்களேடா. காலையில வெறும் சுடுதண்ணிதான் எல்லாருக்கும்."

சலித்துக் குழைத்துப் பூசித் தேய்த்து வார்னிஷ் அடித்ததும் தேக்கு மாதிரி இருந்தது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு மழை பிடித்தது. மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினால் அமுங்கியது. சில இடங்களில் வெள்ளையாகப் பூசணம். முன்பலகையில் பழுப்பாக நீர் வடிந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்தார். குனிந்து முகர்ந்தார்.

"சாமிக்குப் பாட்டுப் போடப் போறீங்களா, பிளேன்டீ ஊத்தப் போறீங்களா?"

மச்சான் சிரிக்கவில்லை. "நாளைக்கு வரைக்கும் பொறுங்க தலைவரே."

"இன்னைக்குப் பொழுது சாயிற வரைக்கும். அப்புறம் ஹட்டனுக்குப் போன் போட்டுருவேன்."

பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்தோம். ஈரம் உள்ளே அதிகம் இறங்கவில்லை. அடுப்புக்கு அருகில் வைத்துக் காயவிட்டோம். மறுபடி பூசிக் காயவைக்க நேரமில்லை. மத்தியானம் மலையிலிருந்து வந்த அத்தை, கொழுந்து பறிக்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்து உதறினார். கறுப்பு ரெக்சினில் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு விழுந்தது. மச்சான் அதையே பார்த்தான்.

"அம்மா, பழைய படங்கு இருக்கா?"

இருந்தது. நீளமாகக் கிழித்து, செருப்பு ஒட்டும் பசையால் ஓரங்களில் ஒட்டிச் சின்ன ஆணிகள் அடித்தோம். ஒரு பெட்டிக்குத்தான் போதுமாக இருந்தது.

சாயங்காலம் வந்த தலைவர் கட்டைவிரலால் ஓரம் முழுக்கத் தடவினார். "இது மழைக்குத் தாங்கும். இந்த ஒண்ண அன்னதானம் போடுற பக்கம் வைங்க. சாமிக்கு முன்னால ஹட்டன்காரன்தான்."

திருவிழாவன்று மழை விடவே இல்லை; எங்கள் பெட்டி நனைந்தும் பாடிக்கொண்டே இருந்தது. பந்தியில் இருந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் எழுந்து வந்து, மகள் சடங்குக்கு இரண்டு பெட்டி வேண்டும் என்றார். சரி என்ற மச்சான், ஒதுங்கிப் போய்க் கொழும்புக் கடை முதலாளியோடு போனில் சிங்களத்தில் பேசினான். கொஞ்ச நேரம்தான்.

"இனி வரலன்னு சொல்லிட்டேன். வேற ஆளப் போட்டுக்குவாராம்" என்றான் என்னிடம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் போனான்.

"அம்மா, மத்தப் பெட்டிக்கு நீ கட்டுற படங்கையும் குடு."

"நாளைக்கு நான் மலைக்குப் போக வேணாமா?"

"டவுன்ல புதுசு வாங்கித் தாறேன்."

"மொதல்ல வாங்கிட்டு வா" என்றார் அத்தை. அவன் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.