கொக்கியில் தொங்குவது எது?

காலையில் வேட்டியைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தபோது ஃபிட்டர் முருகேசன் போனில் கூப்பிட்டார். "சார், ரோஸ்லின் அக்கா தவறிட்டாக. தூக்கத்துலயே உசுரு போயிருச்சு." எந்த ரோஸ்லின் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ரோஸ்லின்தான். இருந்தும் சரிபார்த்துக்கொள்ளத் தோன்றியது.

ராஜபாளையத்தில், மில்களுக்கு இயந்திரம் செய்யும் பட்டறையின் வரைபட அறையில் எங்கள் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டு, "நேத்து பயந்தது நடந்துச்சா சார்?" என்பார். பெரும்பாலும் நடந்திருக்காது. "அப்ப இன்னைக்கு புதுசா ஒண்ணுக்குப் பயப்படுங்க."

அங்கிருந்தவர்களுக்கு அவருடைய வேலை முறை நினைவிருக்கும். இயந்திரத்தின் எல்லாப் பாகங்களையும் கணினியில் ஒன்றாகப் பூட்டி வைத்திருப்போம். ஒரு பொத்தானை அழுத்தினால் மொத்தத்தின் நிறைமையம் தெரிந்துவிடும். அந்தப் புள்ளிக்கு நேர் மேலே கொக்கியை மாட்டித் தூக்கினால் இயந்திரம் சாயாது. ஆனால் ரோஸ்லின் அந்தப் பொத்தானை உடனே அழுத்த விடமாட்டார். "கொக்கியில எது எது தொங்குதுன்னு மொதல்ல சொல்லுங்க சார்." நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பார். கழற்றித் தனியாக அனுப்பும் மோட்டாரையும் சேர்த்துவிட்டால் மையம் அதன் பக்கம் நகர்ந்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மில் ஒன்றின் மாடிக்கு ஏற்ற வேண்டிய இயந்திரத்துக்கும் அப்படித்தான் கணக்கிட்டோம். கொக்கியின் இடத்தைக் குறித்தவன் நான். அனுப்புவதற்கு முன் ஒரு சாண் உயரம் தூக்கிப் பார்ப்பது பட்டறை வழக்கம். தூக்கினார்கள். இயந்திரம் இடது பக்கமாகச் சாய்ந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மோட்டாரை நீக்க மறந்திருப்பேன் என்றே நினைத்தேன். பேனாவை எடுத்து, வரைபடத் தாளில் குறித்த இடத்தை அடித்துவிட்டு, சாய்ந்த பக்கமாகச் சற்றுத் தள்ளிக் குறிக்கப் போனேன்.

"அடிச்சிராதீக சார்" என்று தாளின்மேல் கையை வைத்தார் ரோஸ்லின். "நாம சேர்த்ததெல்லாம் சரி. நாம சேர்க்காதது ஏதோ தொங்குது." பிறகு திரும்பி, "ஏலே முருகேசா, உள்ள என்னலே வச்சிருக்க?" என்றார்.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கு எம்புட்டு கனம்லே! தெறந்து காட்டு."

முருகேசன் தலையைச் சொறிந்தார். "தனியா தூக்கிச் சுமக்கணுமேன்னு போல்ட்டு மூட்டையையும் ஜாக்கியையும் உள்ள போட்டேன். அங்க போன ஒடனே எடுத்துருவேன்க்கா."

மூட்டையையும் ஜாக்கியையும் வெளியே எடுத்ததும் இயந்திரம் மட்டமாக நின்றது. "மூட்டையோட உன்னையும் உள்ள போட்டு அனுப்பிருக்கலாம்லே" என்று அவர் சொல்ல, பட்டறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இடத்தை மாற்றியிருந்தால் பட்டறையில் மட்டமாக நின்றிருக்கும். மில்லில் மூட்டையை எடுத்த பிறகு, கீழே நிற்கும் ஆட்களின் தலைக்கு மேல் மறுபக்கம் சாய்ந்திருக்கும்.

வரைபட அறைக்குத் திரும்பியதும் ரோஸ்லினிடம் அதைச் சொன்னேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "ஒங்க சந்தேகத்தையும் ஒரு பாகமா சேர்த்துட்டீக சார். அது கொக்கியில இல்ல" என்றார். மறுநாள் இயந்திரம் மாடி ஏறியது. அண்ணாந்து பார்த்தபடி கீழே நின்றிருந்தேன். ரோஸ்லின் மரத்தடியில் முருகேசனுக்கு முறுக்கு கொடுத்துக்கொண்டிருந்தார்.

அடக்கத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். அவருடைய மகள் என்னிடம், "அம்மாவப் பத்தி நீங்கதான் எழுதணும் மாமா" என்றாள். இவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று முதல் பத்தியை ஆரம்பித்தேன். பாதிப் பக்கம் போனது. பிறகு, கொக்கியில் எது எது தொங்குகிறது என்ற அவர் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அவரிடமிருந்து வந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கேள்விதான்.

அந்தப் பாதிப் பக்கத்தை எடுத்துவிட்டேன். மீதி மட்டமாக நிற்கிறது என்று நினைக்கிறேன்.