என் டேப் பசறைக்கு அப்பால் தங்கிப்போனது எப்படி

பதுளைப் பக்கம் மாசியில் போகலாமா என்று பலரும் என்னைக் கேட்கிறார்கள். கண்டியிலிருந்து யார் எங்கே கிளம்பினாலும் என் புகையிலைக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. ஆகவே போய் வந்ததை நானே எழுதுகிறேன். படித்துவிட்டுப் போங்கள்.

போன காரணம் லாவணிப் பாட்டு. என் தங்கை புருஷன் வீரமுத்து பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. அங்கே காமன் கூத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இரண்டு கட்சியாக நின்று பாடுவார்கள். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. கேள்வி பாட்டில் வந்தால் பதிலும் பாட்டில் போக வேண்டும். பதில் இல்லாதவர் தான் தட்டிப் பாடும் தோல் வாத்தியமான டேப்பை ஜெயித்தவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்தத் தோட்டத்து வழக்கம். வீரமுத்துவின் கட்சி இரண்டு வருஷமாகத் தோற்று நின்றது. “நீங்க வந்தாத்தான் மச்சான் மானம் மிஞ்சும்” என்று ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். என் டேப் மதுரையிலிருந்து கடல் தாண்டி வந்தது. அதைத் தட்டினால் கண்டியில் யானைகள் காதை ஆட்டுவதை நிறுத்திக் கேட்கும். அதைக் கொண்டுபோய் எவனிடமும் கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

காலையில் கண்டியில் ரயில் ஏறினால் சாயங்காலம் பண்டாரவளை. மூன்றாம் வகுப்புக்கு இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல். அதோடு தண்டவாளம் முடிந்துவிடும்; பதுளை வரை இன்னும் போடவில்லை. குளிரில் இஞ்சினே இருமியதை என் காதால் கேட்டேன். மறுநாள் தோட்டத்து அரிசி வண்டி வந்தது. பதுளைக்குப் பதினெட்டு மைல் என்பார்கள். என் முதுகு அதை நாற்பது என்று சொன்னது. வண்டிக்காரர் கறுப்பையாவுக்கு வெற்றிலைக்கென்று ஐம்பது சதம் கொடுத்தேன், போதும்.

கண்டியில் நான் என்றும் எரியாத கட்சி. ஆகவே அதற்கே பன்னிரண்டு பாட்டுக் கட்டி வைத்திருந்தேன். வழி நெடுகப் பாடினேன்.

“அண்ணே, அந்த ரதி பாட்ட இன்னொருக்கா சொல்லுங்க” என்றார் கறுப்பையா.

கதை உங்களுக்குத் தெரியும். ரதி அழுதாள். அவள் கண்ணுக்கு மட்டும் மன்மதன் தெரிவான் என்று வரம் கிடைத்தது. என் கேள்வி இதுதான்: ஊர் கண்ணுக்குச் சாம்பலாகி ரதி கண்ணுக்கு மட்டும் தெரிகிறவன், எரிந்தவனா எரியாதவனா?

ஹாலி எலை வருவதற்குள் அதை ஏழு தடவை சொல்ல வைத்துவிட்டார். ரசிகர் என்று நினைத்துக்கொண்டேன்.

பதுளைக் கடைத்தெருவில் முஸ்லிம் வியாபாரி சேகு நானாவின் புடவைக் கடையில் தோட்டத்துக்குச் சாமான் ஏற்ற வண்டி நின்றது. பாட்டுப் புத்தகமென்றால் நானா உயிரை விடுவார் என்று கறுப்பையா சொன்னார். பன்னிரண்டையும் பாடிக் காட்டினேன். நானா துணி அளந்துகொண்டே கேட்டார்.

“எப்படி நானா?”

“நல்ல குரல்.”

“குரல் கிடக்கட்டும். பாட்டு?”

“பொய் சொல்லவா, உள்ளதச் சொல்லவா?”

“உள்ளதை.”

முழக்கோலைக் கீழே வைத்தார். “தேர் வருது, யானை வருது, தங்கமாக் கொட்டுது. ஒரு மனுஷனக் காணல்ல. அந்த ரதி கேள்வி ஒன்டுதான் உசிரோட இருக்கு. மத்ததெல்லாம் தள்ளிப் போடுங்க.”

அந்த யானைகளுக்காகக் கண்டியில் கைதட்டியிருக்கிறார்கள். நானா பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து நான்கே அடி படித்தார். ஒட்டகத்தைத் தொலைத்த ஒரு பெண் கயிற்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு தேடுகிறாள். அவ்வளவுதான். ஓர் அலங்காரம் இல்லை. படித்து முடித்தபோது அந்தக் கயிறு என் கையில் இருந்தது. இது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

“அந்தக் கேள்விக்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா?” என்று நானா கேட்டார்.

“கேட்கிறவனுக்குப் பதில் எதற்கு நானா?” என்றேன். அவர் முழக்கோலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

பசறை மலையேற்றத்தில் பதினொரு பாட்டையும் தள்ளிவிட்டேன். ரதியை மட்டும் வைத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினேன். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் அங்கே மேல், கீழ் என்று இரண்டு; வீரமுத்து மேல் லயம். தங்கை வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். வீரமுத்துவிடம் என் கேள்வியைப் பாடிக் காட்டினேன். அவர் துள்ளி எழுந்தார்.

“மச்சான், நாமதான் எரிஞ்ச கட்சி! மேல் லயம் பொறந்ததுலேருந்து எரிஞ்ச கட்சி. கீழ் லயந்தான் எரியாத கட்சி.”

“ஆள் அனுப்பினபோதே சொல்லக்கூடாதா மாப்பிள்ளை?”

“ஊருக்கே தெரிஞ்சத என்னன்னு சொல்றது?”

கீழ் லயத்துப் பக்கம் கறுப்பையா அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். வாயில் என் மெட்டு. அவர் வீடு அங்கேதான்.

திங்கள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆள் குறையக்கூடாது என்று துரை இரவுப் பாட்டை நிறுத்தியிருந்ததால் ஞாயிறு மதியமே பெரட்டுக் களத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஐயாயிரம் பேர் இருக்கும். வீரமுத்து இருநூறு என்கிறார்.

“கண்டியிலேருந்து பாட்டு வந்திருக்கா, புகையில வந்திருக்கா?” என்று கீழ் லயத்து ஆள் ஒருவன் கத்தினான்.

“ரெண்டும் காரந்தாண்டா!” என்றேன். சிரிப்பு அடங்க வெகு நேரமானது.

எதிர்க்கட்சிக்குப் பாட எழுந்தவன் சடையன். தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவன். நான் நினைத்ததே நடந்தது. என் கேள்வி என்னையே பார்த்து வந்தது. பயப்படவில்லை. வந்த நாளிலிருந்து யோசித்து நாற்பது பதில் தயாராக வைத்திருந்தேன், தேரோடும் யானையோடும்.

ஆனால் ‘ரதி கண்ணுக்கு மட்டும்’ என்ற இடத்தில் அவன் குரல் இறங்கிவிட்டது. வீரமுத்து என் காதோடு சொன்னார், “ஐப்பசியில காய்ச்சல்ல பொண்டாட்டி போயிட்டா மச்சான். மலையில அவ கொழுந்து பறிச்ச நெரையில இன்னும் நிக்கிறாங்கிறான்.”

சடையன் டேப்பைத் தட்டுவதை நிறுத்தினான். பாட்டாக இல்லாமல் பேச்சாகவே கேட்டான்.

“சொல்லுங்கண்ணே. எனக்குத் தெரியணும்.”

வாயைத் திறந்தேன். யானைகள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றாய்த் திருப்பி அனுப்பினேன். பிறகு என் டேப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

“நாப்பது பதில் இருக்குன்னீங்களே!” என்று வீரமுத்து வழியெல்லாம் திட்டினார்.

“இருந்தது மாப்பிள்ளை. அந்த ஆளிடம் கொடுக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல.”

தோற்றேனா, கொடுத்தேனா என்று எனக்கே குழப்பம். கண்டியில் கொடுத்தேன் என்றுதான் சொல்லிவருகிறேன். இப்போது கடையில் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கட்டினால், சடையன் எதிரே நின்று கேட்கிற மாதிரி இருக்கிறது. பாதி வரி தானாக உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது நல்லதா கெட்டதா என்று சொல்ல நானா பக்கத்தில் இல்லை.

போகிறவர்களுக்கு: கம்பளி இரண்டு வேண்டும். அட்டைப்பூச்சிக்கு எலுமிச்சையும் உப்பும் வைத்துக்கொள்ளுங்கள். பதுளையில் புடவை வாங்காவிட்டாலும் சேகு நானா கடையில் ஏறுங்கள். எழுதியதைக் காட்டுகிறவர்கள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு காட்டுங்கள். எந்த லயம் எந்தக் கட்சி என்று முதலிலேயே கேளுங்கள்.

அந்தத் தோட்டத்துக்கே போனால் சடையனிடம் டேப்பைத் திருப்பிக் கேட்க வேண்டாம். அங்கே பனி அதிகம், தோல் தளர்ந்துவிடும். தட்டுவதற்கு முன் கொஞ்சம் வெயிலில் காட்டச் சொல்லுங்கள்.